அருண் கேத்தர்பாலின் அப்பா
1971 டிசம்பர் 16, இந்திய-பாகிஸ்தான் போரின் பசந்தர் களம். டாங்கி தீப்பற்றியது, பின்வாங்கச் சொல்லி உத்தரவும் வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறதே என்று களத்திலேயே நின்றார் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். வயது 21. பரம்வீர் சக்ரா அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது.

எனக்கு அவருடைய அப்பாவையும் மறக்க முடியவில்லை. அவரும் ராணுவத்தில் பிரிகேடியராக இருந்தவர். 2001-இல், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து அவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொண்டவர், பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் நாசர். உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று கடைசி இரவில் அவரே சொன்னார். அருணின் வீரத்தை மனதாரப் புகழவும் செய்தார்.

எதிரில் நின்று சுட்டவரே சொன்ன அந்தச் சாட்சியை, பதக்கத்துக்கு ஒரு படி மேலேதான் வைப்பேன்.