நாகமலை அடிவாரத்தில் ஒரு 'புளிப்பு'த் திருவிழா!

'வீட்டிலேயே பீர் காய்ச்சி, ஃப்ரெண்டு கல்யாணத்துக்குக் கேன் கேனாக் கொண்டுபோய் ஊத்தினா எப்படி இருக்கும்?' என்று ஏதாவது வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆபீஸில் யாராவது ஆரம்பித்தால், அவரை மெதுவாக உட்கார வையுங்கள். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கடையில் பாட்டிலாக வாங்கலாம். வீட்டில் காய்ச்சினால் கம்பி எண்ணலாம். கள்ளுக்கும் 1987-லிருந்து தடை.

ஆனால், வீட்டில் புளிக்க வைத்து, அண்டாவில் ஏற்றி, ஊர் கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் தெரியாதவர் அத்தனை பேருக்கும் ஊற்றுகிற சமாசாரம் ஒன்று நம்மிடமும் உண்டு. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரே தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கிக் குடிப்பார். ஆடிக் கூழ்தான் அது!

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் பஸ் ஏறினால், பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாகமலை புதுக்கோட்டை. பாம்பு படுத்த மாதிரி நீளமாக ஒரு மலை. சமணர்கள் மதுரை மேல் ஏவிய பாம்புதான் கல்லாகிக் கிடக்கிறது என்பது புராணம். பக்கத்துக் கீழக்குயில்குடி மலையில், ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தீர்த்தங்கரர்கள் பாறையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடி மாசம் வந்தால் மைக் செட்டில் அம்மன் பாட்டு. வேப்பிலை கட்டின அண்டாக்கள் ஊர்வலம் கிளம்பும்.

கூழ் என்றால் கஞ்சிக்குச் சித்தப்பா பையன் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊற்ற, வெள்ளிக்கிழமையே வேலை ஆரம்பம். கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டு கிண்டென்று கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். இன்னொரு ராத்திரி ஆறப்போட்டால், மூன்றாம் நாள் காலையில் கூழ் ரெடி. கிண்டுகிற அக்காமார்களின் தோள்பட்டையைக் கேட்டால்தான் விழாவின் நிஜமான பட்ஜெட் தெரியும்!

அசல் சாமர்த்தியம் தூக்கிக்கொண்டு போவதில் இருக்கிறது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோவுக்குக் குறையாது. மினி வேன் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பாதிக் கூழ் ரோட்டுக்கு அபிஷேகம். அதனால், கெட்டியாகவே கொண்டுபோய், கோயிலடியில் வைத்துத்தான் கரைப்பார்கள். பாரம் பாதி, தளும்பலும் இல்லை. உப்பு, மோர், சின்ன வெங்காயம் எல்லாம் அங்கே போய்த்தான். மோரை வீட்டிலேயே விட்டால், ஆடி வெயிலில் கோயில் போய்ச் சேருவதற்குள் முகம் சுளிக்கிற புளிப்பாகிவிடும்.

அண்டாவைத் தட்டுப் போட்டு இறுக்கி மூடப் போன ஒரு காலேஜ் பையனுக்கு ஒரு பெரியம்மா கொடுத்த டோஸ்:

"எலேய் தம்பி, அமுக்காதடா! உள்ள புளிச்சுக்கிட்டிருக்கு... அது மூச்சு விடணும்ல? வேட்டித் துணியக் கட்டு, போதும். சூதானமாத் தூக்குங்கப்பு!"

அந்தம்மா சொன்னது சரியான சயின்ஸ். பீர் பீப்பாய்க்காரர்களும் இதே பயத்தில்தான் காற்று போக வழி வைக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. இதே கேழ்வரகு சிக்கிமுக்கும் நேபாளத்துக்கும் போனால் 'தோங்பா' ஆகிவிடும். அங்கே தானியத்தை வேகவைத்து, 'மர்ச்சா' என்கிற மருந்து உருண்டையைக் கலந்து புளிக்க வைக்கிறார்கள். அதிலுள்ள பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதைச் சாராயமாக்கிவிடுகிறது. பிறகு மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். நம் பானையில் அந்த உருண்டை கிடையாது. தயிரைப் புளிக்க வைக்கிற ஜாதி பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. அதனால் அவர்களுக்குக் கிறுகிறுப்பு, நமக்குப் புளிப்பு. தானியம் ஒன்றுதான், சகவாசம்தான் வேறு!

ஊற்றுகிற இடத்துக்கு வருவோம். இருநூறு மில்லி டம்ளர் என்றால், நூறு லிட்டரில் ஐந்நூறு பேர். ஐந்நூற்று ஒன்றாவது ஆள் வந்தால்? அகப்பை பிடித்திருப்பவர் கண் எப்போதும் வரிசையின் வால் மேலேயே இருப்பது அதற்காகத்தான். ஆட்டோக்காரர், பேங்க் ஆபீஸர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வால் நீள நீள, அண்டாவில் இன்னும் ஒரு குடம் தண்ணீர் விழும். கடைசிக் கூழ் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். ஆனால், 'தீர்ந்து போச்சு' என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் வரவிட மாட்டார்கள்.

அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1876-ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாணம் முழுக்கக் கஞ்சித் தொட்டி முன்னால்தான் ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்கிற தாசி தன் சொத்தை விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றினார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றைக்கு வரிசையில் பாதியில் அண்டா காலியானால், அதற்கு அர்த்தமே வேறு.

இன்றைக்கு அந்த வரிசையில் நிற்கிற நமக்குப் பசி கிடையாது; பர்ஸில் பரோட்டாவுக்குக் காசு இருக்கிறது. அதனால் என்ன? அடுத்த ஆடி ஞாயிறு அந்தப் பக்கம் போனால் வண்டியை ஓரம் கட்டுங்கள். கையோடு ஒரு சொம்பு கொண்டுபோங்கள். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு நிதானமாகக் குடியுங்கள்.

அப்புறம் தைரியமாக வண்டியை எடுக்கலாம். எந்த ஜங்ஷனில் வேண்டுமானாலும் ஊதிக் காட்டலாம்!