ஒரு பிடிச் சோற்றில் 1,200 கிலோமீட்டர்!

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. தொகுஷிமா, கோச்சி, எஹிமே, ககாவா என்று நான்கு மாவட்டங்கள். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இந்தக் கோச்சிக்கும் கேரளத்துக் கொச்சிக்கும் தொடர்பில்லை. நடுவில் மலை, ஓரத்தில் கடல், இடையில் கிடைத்த இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன வயல்கள். இந்தத் தீவைச் சுற்றி 88 புத்தக் கோயில்களைத் தொட்டுச் செல்லும் பாதயாத்திரைப் பாதை ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 1,200 கிலோமீட்டர். முழுவதும் நடப்பவர்களுக்கு 40 முதல் 60 நாள் ஆகிறது.

774-இல் பிறந்து 835-இல் மறைந்த கூகாய் என்ற துறவியின் பெயரால் நடக்கும் யாத்திரை இது. அவரைக் கோபோ தாய்ஷி என்றும் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை, கோரைத் தொப்பி, கையில் ஒரு தடி. நடப்பவருக்கு 'ஹென்ரோ' என்று பெயர். பஸ்ஸிலும் காரிலும் சுற்றுபவர்களே இன்று அதிகம். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெளிநாட்டினர் உட்படப் பலர் நடந்தே போகிறார்கள். நாளுக்கு 25 கிலோமீட்டர் நடக்கும் அவர்கள் வழியில் என்ன சாப்பிடுகிறார்கள், அது யார் விளைவித்தது என்று பார்த்தால் விவசாயிக்குத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

மூலைக்கடைதான் சத்திரம்

காலையும் இரவும் தங்கும் விடுதியில் சாப்பாடு கிடைக்கும். பகல் முழுவதும் அவரவர் பாடு. பழைய கிராமத்துக் கடைகள் ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அந்த இடத்தைப் பிடித்தவை 'கொன்பினி' எனப்படும் சிறு கடைகள். பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். நாடு முழுவதும் 55,000-க்கும் மேல் இருக்கின்றன. ஜப்பானில் செவன் இலெவன் நிறுவனத்தின் முதல் கடை 1974-இல் டோக்கியோவில் திறந்தது. ஷிகோகுவுக்கு அந்த நிறுவனம் வந்தது 2013-இல்தான். லாசன் போன்ற வேறு நிறுவனங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன.

நடப்பவருக்கு இந்தக் கடை ஒரு சத்திரம் மாதிரி. கழிப்பறை உண்டு, வெந்நீர் உண்டு, பணம் எடுக்கும் இயந்திரம் உண்டு, சாப்பாட்டைச் சூடாக்கித் தருவார்கள். வேகவைத்த முட்டை, வாழைப்பழம், ரொட்டி, சோயாப் பால், குவளை நூடுல்ஸ் என்று பலதும் இருந்தாலும், நடையாளர் கை முதலில் போவது 'ஒனிகிரி'யிடம்தான்.

ஒனிகிரி என்றால் பிடித்த சோறு. முக்கோணமாகப் பிடித்த 100 கிராம் அளவுச் சோற்றுக்குள் உப்பில் ஊறிய காயோ, மீனோ, கடற்பாசியோ வைத்து, மேலே காய்ந்த கடற்பாசித் தாள் சுற்றியிருக்கும். ஜப்பானியர் பல நூறு ஆண்டுகளாக வயலுக்கும் பயணத்துக்கும் கட்டிக்கொண்டு போன கட்டுச்சோறுதான் இது. 1978-இல் தாளையும் சோற்றையும் தனித்தனியாக வைக்கும் உறை கடைக்கு வந்தது. பிரிக்கும்போதுதான் இரண்டும் சேரும் என்பதால் தாள் நமத்துப் போவதில்லை. உறையில் எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதுவரை அச்சிட்டிருப்பார்கள்.

ஆறிய பிறகும் ஏன் மெதுவாக இருக்கிறது?

நம் வீட்டுச் சோறு ஆறினால் உதிரியாகும், நேரம் ஆக ஆக விறைக்கும். ஒனிகிரிச் சோறு காலையில் வாங்கி மதியம் தின்றாலும் மெத்தென்று இருக்கும். காரணம் அரிசியின் மாவுச்சத்தில் இருக்கிறது. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு பகுதிகள் உண்டு. அமைலோஸ் அதிகமானால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் ஒட்டும், ஆறினாலும் மெதுவாக இருக்கும். ஜப்பானின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி ரகத்தில் அமைலோஸ் 17 சதவீத அளவில்தான். நாம் சாப்பிடும் பல ரகங்களில் அது 25 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இதில் எதுவும் தரக்குறைவு இல்லை. சாம்பார் ஊற்றிப் பிசைய உதிரிச் சோறுதான் சரி. கையில் பிடித்துத் தின்ன ஒட்டும் சோறு சரி.

இன்னொரு நுட்பமும் உண்டு. சமைத்த சோறு வேகமாக விறைப்பது குளிர்சாதனப் பெட்டியின் குளிரில், அதாவது 0 முதல் 5 டிகிரியில். அதனால் கடைகளில் ஒனிகிரியை அந்த அளவு குளிரில் வைப்பதில்லை. 20 டிகிரியை ஒட்டிய தட்டுகளில்தான் அடுக்குகிறார்கள்.

உள்ளே வைக்கும் பொருள்களில் பழமையானது 'உமேபோஷி'. உமே என்ற காயை உப்பில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தது. நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பங்காளி. பழைய முறையில் காயின் எடையில் 18 முதல் 20 சதவீதம் உப்பு சேர்ப்பார்கள். அந்த உப்பும் புளிப்பும் சேர்ந்து, தன்னைச் சுற்றியுள்ள சோறு கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன. நம் புளிச்சோறு பயணத்துக்குத் தாங்குவதும் இதே கணக்கில்தான்.

நடைக்குப் போதுமா?

60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 50 கலோரி செலவாகும். 25 கிலோமீட்டருக்கு 1,250 கலோரி. முதுகில் மூட்டையும் வழியில் மலையும் இருந்தால் இன்னும் கூடும். ஒரு ஒனிகிரியில் 180 கலோரி அளவு இருக்கும். ஆக, நடைச் செலவை மட்டும் ஈடுகட்ட ஏழு ஒனிகிரி வேண்டும்.

வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. ஒனிகிரியில் மாவுச்சத்து தாராளம். உப்பும் ஒன்றுக்கு 1 கிராம் அளவு கிடைப்பதால், வியர்வையில் போனதில் ஒரு பங்கு திரும்பி வரும். ஆனால் புரதம் குறைவு, நார்ச்சத்து மிகக் குறைவு, காய்கறி இல்லவே இல்லை. இரண்டு வாரம் கடைச் சாப்பாட்டிலேயே நடப்பவருக்கு மலச்சிக்கலும் கால் தசைச் சோர்வும் வந்தால் வியப்பில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஒனிகிரியோடு ஒரு முட்டையோ, சோயாவில் செய்த நாட்டோ, டோஃபு போன்ற ஒன்றோ, ஒரு பழமோ சேர்த்துக்கொள்கிறார்கள். குவளை நூடுல்ஸில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு குவளையிலேயே 5 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சாற்றைக் குடிக்காமல் விடுவது நல்லது.

கடை இல்லாத வழிகள்

எல்லா இடத்திலும் கடை இருக்காது. 11-ஆவது கோயிலான ஃபுஜீதேராவிலிருந்து 12-ஆவது கோயிலான ஷோசான்ஜிக்கு மலைப்பாதை சுமார் 13 கிலோமீட்டர். 'ஹென்ரோவை உருட்டிவிடும் ஏற்றம்' என்றே அதற்குப் பெயர். வழியில் ஒரு கடையும் கிடையாது. முதல் நாளே சோறும் தண்ணீரும் வாங்கி மூட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். 23-ஆவது கோயிலுக்கும் முரோட்டோ முனையில் உள்ள 24-ஆவது கோயிலுக்கும் இடையே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் 55-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இரண்டு, மூன்று நாள் நடை. கோச்சி மாவட்டத்தில் உள்ள 37-க்கும் 38-க்கும் இடையே 80 கிலோமீட்டருக்கும் மேல்.

பூட்டில்லாத மனசாட்சிச் சந்தை

கோச்சி மாவட்டம் கத்தரி, இஞ்சி, யூசு எலுமிச்சை ஆகியவற்றுக்குப் பேர்போனது. அங்கே சாலையோரத்தில், வயல் வரப்பை ஒட்டி, தகரக் கூரை போட்ட சிறு மரத்தட்டுகள் தென்படும். மேலே பழமோ காயோ பைகளில் இருக்கும். பக்கத்தில் ஒரு காசுப்பெட்டி. '100 யென்' என்று எழுதிய அட்டை. விற்பவர் யாரும் இல்லை. எடுப்பவர் காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்கு அந்த ஊரில் 'ரியோஷின்இச்சி' என்று பெயர். தமிழில் சொன்னால் மனசாட்சிச் சந்தை.

இங்கே வருவது பெரும்பாலும் சந்தைத் தரம் பிரிப்பில் கழிந்தவை. வளைந்த வெள்ளரி, தோலில் வடு விழுந்த ஆரஞ்சு, அளவில் சிறுத்த கிழங்கு. ருசியில் குறையில்லை. பெட்டி அடுக்கி அனுப்பும் செலவுக்குக் கட்டாதவை. ஆள் கூலி இல்லை, வண்டி வாடகை இல்லை, கமிஷன் இல்லை. 100 யென் என்பது நம் பணத்தில் 60 ரூபாய் அளவு. அது அப்படியே விவசாயி கைக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய ஏற்பாடு 'மிச்சி நோ எகி', அதாவது சாலை நிலையம். 1993-இல் தொடங்கிய திட்டம். இப்போது நாடு முழுவதும் 1,200-க்கும் மேல் இருக்கின்றன. வண்டி நிறுத்தம், கழிப்பறை, ஓய்விடம் எல்லாம் இலவசம். பலவற்றில் விவசாயிகள் நேரடியாக விற்கும் கூடமும் உண்டு. விளைவித்தவரே விலை குறித்து, தன் பெயர் ஒட்டிய சீட்டோடு காலையில் வைத்துவிட்டுப் போகிறார். விற்றதில் கழிவு போக மீதி அவர் கணக்கில் சேரும். நம் உழவர் சந்தையில் விவசாயி உட்கார்ந்து விற்க வேண்டும். இங்கே வயல் வேலைக்குத் திரும்பிவிடலாம்.

விலையே இல்லாத மூன்றாவது வழி 'ஒசெட்டாய்'. வழிப்போக்கருக்கு உள்ளூர்க்காரர் கொடுக்கும் தானம். எஹிமேயில் ஆரஞ்சுத் தோட்டத்தை ஒட்டி நடந்தால், தோட்டத்துப் பாட்டி இரண்டு பழத்தைக் கையில் திணிப்பார். மறுக்கக் கூடாது என்பது வழக்கம். வாங்கியவர் தன் பெயரெழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து வணங்குவார்.

அந்தச் சோற்றை யார் விளைவிப்பது?

கடையில் நாளெல்லாம் சோறு குறையாமல் இருக்கிறது. வயலில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் விவசாயத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் 13.6 லட்சம் பேர்தான். அவர்களின் சராசரி வயது 68-ஐ ஒட்டி இருந்தது. ஷிகோகு மலைக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலிக்கு உள்ளே நடவு செய்த வயல் ஒன்றும், புல் மண்டிய வயல் இரண்டுமாகப் பார்க்கலாம்.

சாப்பிடுவதும் குறைந்தது. 1962-இல் ஒரு ஜப்பானியர் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அது 50 கிலோ அளவுக்கு வந்துவிட்டது. 1970-களிலிருந்து 2018 வரை, நெல் பரப்பைக் குறைக்க அரசே மானியம் கொடுத்தது. பிறகு 2024-இல் அரிசித் தட்டுப்பாடு வந்தது. 2025-இல் கடையில் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய ஆண்டைப்போல் இரு மடங்கானது. அரசு இருப்பிலிருந்த அரிசியை வெளியே விட்டது. ஒனிகிரி விலையும் ஏறியது. வயலை விட்டுப் போனவர்களை ஒரே பருவத்தில் திரும்ப அழைத்து வர முடியாது. நெல் விளையும் நாட்டுக்கெல்லாம் இது ஒரு பாடம்.

துறவி கட்டிய கரை

பாதையின் கடைசி மாவட்டம் ககாவா. மழை குறைவு. கோச்சி மாவட்டத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் பெய்தால் இங்கே 1,100 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் 12,000-க்கும் மேற்பட்ட ஏரி, குளங்களை வைத்துப் பிழைக்கிறது. அவற்றில் பெரியது மன்னோ ஏரி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. கரை உடைந்து, சரிசெய்ய முடியாமல் கிடந்தபோது, 821-இல் அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் கூகாய். சுற்று வட்டார மக்கள் அவருக்காகத் திரண்டு வந்து மண் சுமந்தார்கள். ஏரியின் நீர் அழுத்தத்தைத் தாங்க, கரையை உட்பக்கமாக வில்போல் வளைத்துக் கட்டினார் என்பார்கள். அதற்குப் பிறகும் உடைந்து, மீண்டும் கட்டப்பட்டு, இன்றும் அந்த ஏரி வயலுக்குத் தண்ணீர் விடுகிறது. யார் பெயரைச் சொல்லி மக்கள் நடக்கிறார்களோ, அவர் ஒரு ஏரிக்கரையைக் காத்தவர்.

நம் பாதயாத்திரைக்கு

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களுக்கு நம் ஊரிலும் வழிநெடுக அன்னதானம் உண்டு. இடையில் வாங்கித் தின்பது பெரும்பாலும் பாக்கெட் நொறுக்கும் வண்ணச் சர்க்கரைத் தண்ணீரும்தான். தை மாதமோ அறுவடைக் காலம். பாதையோரத்துக் காட்டிலேயே இளநீர், வேர்க்கடலை, பனங்கிழங்கு, வாழை இருக்கும். பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியில் கொய்யா இருக்கிறது.

விற்க நினைப்பவர்கள் மூன்று விஷயம் கவனிக்கலாம். நடப்பவருக்கு ஒரு கிலோ பை பாரம். இரண்டு பழம், ஒரு கைப்பிடி கடலை என்று சிறு பொட்டலமாக, சில்லறை தேடாத விலையில் வையுங்கள். உட்கார ஒரு பலகை, குடிக்கத் தண்ணீர், தோலும் தாளும் போட ஒரு கூடை வையுங்கள். நிழல் இருக்கும் இடத்தில்தான் ஆள் நிற்பார். ஆளில்லாத காசுப்பெட்டி எல்லா ஊருக்கும் ஒத்துவராது. பாதையோரத்தில் நிலம் உள்ள நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து உட்கார்ந்தால் போதும். கூட்டம் பத்து நாள்தான். ஆனால் அந்தப் பத்து நாளும் வியாபாரி வயலுக்கு வந்து விலை சொல்லத் தேவையில்லை. வாங்குபவரே நடந்து வருகிறார்.