வாடிப்பட்டியில் ஒரு பனங்காடை

சென்ற தை மாதத்தில் ஒரு நாட்காலை வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி, பெரியாற்று வாய்க்கால் கரையோடு நடந்தேன். வடக்கே சிறுமலை பனியில் மறைந்திருந்தது. தந்திக் கம்பியின்மேல் மங்கலாய் அமர்ந்திருந்த பனங்காடையொன்று திடீரெனப் பறந்தது. விரிந்த சிறகில் நீலம் பளிச்சிட்டது!

உடனே ஜெர்டனின் நினைவு வந்தது. சென்னைப் படையில் வைத்தியராயிருந்த அவர், 1843 முதல் 1847 வரை நான்கு பகுதிகளாக ஐம்பது பறவைச் சித்திரங்களை வெளியிட்டார். அவற்றுள் பலவற்றை எழுதியவர்கள் நம் நாட்டு ஓவியர்களே.

அக்காலத்தில் பறவையைச் சுட்டு, தோலை உரித்து, நஞ்சு தடவிப் பஞ்சடைத்து வைப்பார்கள். நாளடைவில் அலகும் காலும் நிறம் மங்கும். கண்ணிருந்த இடத்தில் பஞ்சுதான் தெரியும். மடித்துக் கட்டிய சிறகிலே பனங்காடையின் நீலமும் பெரும்பாலும் ஒளிந்துவிடும். ஜெர்டன் சீமைக்கு அனுப்பிய ஒரு தொகுதியைப் பூச்சியே அரித்துவிட்டது. சித்திரங்களோ நிலைத்தன.

நூலின் முகப்பில் ஜெர்டன் பெயர் உண்டு. வரைந்தவர் பெயர் இல்லை. பஞ்சடைத்த உடலுக்குக் கண்ணும் உயிரும் தந்தவர், அவற்றைத் தம் ஊர்க் கண்மாய்க் கரையில் அல்லவா கற்றிருப்பார்?

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளைப் பனங்காடை வரையச் சொன்னேன். படத்தின் அடியில் அவரவர் பெயரை எழுதவேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை.