குடியும் மனசாட்சியும்

கிறிஸ்தவர் மது அருந்தலாமா என்ற கேள்விக்கு இந்தியத் திருச்சபைகள் ஒரே குரலில் விடை சொல்வதில்லை. கோவாவின் கத்தோலிக்கத் திருமண விருந்தில் மணமக்களுக்காகக் கோப்பை உயர்த்தி வாழ்த்துவது குடும்பமே எதிர்பார்க்கும் மரபு. நாகாலாந்தின் பாப்டிஸ்ட் சபைகளிலோ குடிக்கிறவர் சபை ஒழுங்கை மீறியவராகிறார். இரு தரப்பாரும் வாசிப்பது ஒரே வேதத்தைத்தான்.

வேதம் இருவருக்குமே இடம் தருகிறது. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமாயிற்று. வயிற்றின் நலத்துக்காகச் சிறிது அருந்தும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அவரே எபேசியருக்கு எழுதியபோது வெறிகொள்வதைத் தடுத்தார். ரேகாபியர் தலைமுறை தலைமுறையாகக் குடியாதிருந்ததை எரேமியா புகழ்ச்சியோடு பதிவு செய்கிறார். தமிழ் வேதாகமத்தின் 'திராட்சரசம்' என்ற சொல் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. புளித்த மதுவையும் புளிக்காத சாற்றையும் அது ஒருசேரக் குறிக்கக்கூடும். அவரவர் தத்தம் நிலைப்பாட்டை அதில் ஏற்றி வாசித்துவிடலாம்.

கத்தோலிக்க மரபில் குடிவெறி பாவம். குடி தன்னளவில் பாவமன்று. திருப்பலிக்குக் கெடாத இயற்கைத் திராட்சை மதுவே வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். இதனால் கேரளத்தில் ஒரு சங்கடம் எழுந்தது. அங்கே கத்தோலிக்க ஆயர் பேரவை மதுவிலக்குக்கெனத் தனி ஆணையமே வைத்திருக்கிறது. 2014 இல் மாநில அரசு மதுக்கூடங்களை மூட முற்பட்டபோது திருச்சபை துணை நின்றது. அப்படியானால் பலிபீடத்து மது மட்டும் எதற்கு என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். வழிபாட்டில் ஒரு மிடறு வேறு, கூலிப்பணத்தை விழுங்கும் குடி வேறு என்ற பதில் இறையியலில் சரியானதே. ஆயினும் கேட்டவர் பலருக்கு அது நிறைவளிக்கவில்லை.

வடகிழக்கின் வரலாறு வேறு. நாகர்களிடம் சென்ற அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவிலக்கு இயக்கம் வேரூன்றிய நாட்டிலிருந்து வந்தவர்கள். திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாற்றைத் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் அன்பர் 1869 இல் தயாரித்ததும் அந்நாட்டில்தான். அவர்கள் வந்து சேர்ந்த மலைகளில் அரிசி மது அன்றாட உணவாகவும், விருந்தின் உயிராகவும், பழைய வழிபாட்டின் படையலாகவும் இருந்தது. ஆகவே அதைக் கைவிடுவதே மனமாற்றத்தின் வெளியடையாளமாயிற்று. ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. மில்ஸ், ஆவோ நாகரைப் பற்றி 1926 இல் வெளியிட்ட நூலில், இந்தத் தடையைக் குறைகூறினார். எனினும் தடை நிலைத்தது. காலப்போக்கில் மக்கள் அதைத் தங்கள் சொந்த நெறியாகவே கொண்டனர்.

அந்த நெறி பின்னர்ச் சட்டமாயிற்று. சபைகளின் வற்புறுத்தலால் நாகாலாந்தில் 1989 இல் முழு மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. குடியால் சிதைந்த வீடுகளின் துயரை அறிந்த நாகா அன்னையர் சங்கமும் மதுவுக்கும் போதைக்கும் எதிராகப் போராடியது. வடித்தெடுத்த சாராயமும் புட்டி மதுவும் பரவிய பிறகு, பழைய அரிசி மதுவின் நியாயங்களை அவற்றுக்கும் நீட்டுவது பொருந்தாது. மதுவிலக்கைப் பழமைவாதம் என்று எள்ளுவோர் இந்தப் பெண்களின் அனுபவத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் திமாப்பூரிலிருந்து எல்லையைக் கடந்தால் அசாமின் கட்கட்டியில் மதுக்கடைகள் திறந்திருக்கின்றன. மிசோரமோ 1997 இல் முழு விலக்கைக் கொணர்ந்தது. 2014 இல் தளர்த்தியது. 2019 இல் மீண்டும் பூட்டியது. 2025 இல் உள்ளூர் அரிசியாலும் கனிகளாலும் ஆன மதுவுக்கு மட்டும் கதவைச் சிறிது திறந்தது. பிரெஸ்பிட்டேரியன் சபையின் குரல் வலுவாக ஒலிக்கும் அம்மாநிலத்திலேயே சட்டம் இவ்வாறு தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்தின் சுமை குடிநோயாளியின் மேல் விழுகிறது. குடி பாவமும் குற்றமும் ஒருங்கே ஆகும் ஊரில் அவர் எவரிடம் வாய் திறப்பார்? போதகரிடம் சொன்னால் சபையில் இடம் போகும். வெளியே தெரிந்தால் காவலர் வருவர். மனைவியும் வெட்கத்தால் மறைக்கிறாள். உதவி கேட்கும் நாள் தள்ளிப்போகிறது. கோப்பை இயல்பாகப் புழங்கும் ஊரிலும் இவருக்கு மீட்பில்லை. விருந்தில் மறுப்பவரைக் கேலி செய்யும் கூட்டம் அவரை வேறு விதமாகக் கைவிடுகிறது. ஒரிடத்தில் அவர் மறைந்து குடிக்கிறார். மற்றோரிடத்தில் அனைவர் முன்னிலையிலும் குடித்து அழிகிறார்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஒரு வழி காட்டுகிறார். சகோதரன் இடறுவதற்கு ஏதுவாகுமானால் இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுவது நல்லது என்கிறார். அங்கே விடச் சொல்லப்படுவது வலியவனிடம். காரணமாக நிற்பவன் எளியவன். இது அன்பினால் ஒருவன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் விலக்கு. அடுத்தவன் மேல் வீசும் சட்டம் ஆகாது. கோவாவின் விருந்து வீட்டுக்காரர் தம் மேசையில் ஒருவருக்காகப் புட்டியை எடுத்து வைத்துவிடலாம். நாகாலாந்தின் மூப்பர் குடித்து வந்தவரை வெளியேற்றாமல் பக்கத்து இருக்கையில் அமர்த்தலாம். கள்ளக்கடைகளை அடைப்பது அரசின் வேலை, அதைச் செய்யட்டும். விழுந்தவர் அச்சமின்றி வந்து சேரும் இடமாக இருப்பது சபையின் வேலை. அதை எந்தச் சட்டமன்றத்திடமும் ஒப்படைத்துவிட இயலாது.