கணக்குக் காட்டாதவர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வைகுண்டப் பெருமாள் கோயில். வருகிறவர்களில் பலர் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை அவை. 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்துக்குள் கைவிடும் சிறுவன்... இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால், யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று சொல்லும் வரிகள்தான் உறைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய அப்பா, மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என உறவுகளும் கூடாது. மைத்துனன் தப்புக்கு நான் என்ன செய்வேன் என்று அன்றும் யாராவது முனகியிருப்பார்கள்!

பிறர் பொருளைத் திருடியவருக்கும் இடமில்லை. சில பாவங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மையானவருக்கும்கூட ஆயுள் முழுக்கத் தடைதான். சாமி மன்னித்துவிடலாம், அதற்காக ஏரிப் பொறுப்பையும் பொன் பொறுப்பையும் ஊர் மறுபடி அவர் கையில் கொடுக்காது. இதைச் சாமி வீட்டுச் சுவரிலேயே எழுதியும் வைத்தார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்க வீடு வீடாக வசூல் நடக்கும். சில ஊர்களில் விழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் கோயில் சுவரில் ஒட்டப்படும். கையிருப்பு நாற்பது ரூபாய் என்றாலும் அதுவும் அதில் இருக்கும்.