பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடபகுதியில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சாலையில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டியவன் நான். அத்தனை ஆண்டிலும் ஒரு தடவைகூட இறங்கி அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. ஆனால், பார்த்தவன் மாதிரி பிள்ளைகள் முன்னால் நின்று பேசினேன். பேசியதும் என் சொத்து இல்லை. மழையில் நான் நடுவழியில் விட்டுவிட்டுப் போன ஒரு பெரியவருடையது.

அந்த ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கி.பி. 122-இல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தார். கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை, சுமார் 117 கிலோமீட்டருக்கு, அவர் ஆணைப்படி சுவர் எழுந்தது. ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல்கோட்டை, இரண்டு காவல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல்மாடங்கள். சிரியாவின் வில்லாளிகளும் ரைன் நதி முகத்துவாரத்துப் படேவியர்களும் இங்கே காவல் இருந்திருக்கிறார்கள்.

இன்று அங்கே சைக்கிள்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 72-ஆம் எண் தேசிய சைக்கிள் பாதை. சின்னச் சின்னத் தெருக்கள் வழியாக, ஆட்டுப் பட்டிகளையும் கிராமங்களையும் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போகும். இன்னொன்று பி6318. உள்ளூரில் மிலிட்டரி ரோடு என்பார்கள். 1745-இல் ஜேகபைட் கிளர்ச்சிப் படை கார்லைலைப் பிடித்தபோது, நியூகாசிலில் இருந்த அரசுப் படையால் நேரத்துக்கு மேற்கே போய்ச் சேர முடியவில்லை. ஒழுங்கான சாலை இல்லை. அந்தப் பாடத்தில் 1750-களில் போட்ட சாலை இது. போட்டவர்கள் கல்லுக்கு அலையவில்லை. பக்கத்திலேயே நின்ற ரோமானியச் சுவரை இடித்து, பல மைல் தூரத்துக்கு அதையே அடித்தளமாக்கிக்கொண்டார்கள். அந்தச் சாலையில் போகிறவன் சக்கரத்துக்கு அடியில் பல இடங்களில் சுவர்தான் கிடக்கிறது.

மேடு வந்தால் இந்தச் சாலை சுற்றிப் போகாது. நேராக ஏறும், நேராக இறங்கும். எதிரே தூரத்து மேட்டில் அதே சாலை மறுபடி எழும்புவது தெரியும். பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று. முதுகில் காற்று இருந்தால், ஓர் இறக்கத்தில் பிடித்த வேகத்திலேயே அடுத்த ஏற்றத்தில் பாதியைத் தாண்டிவிடலாம். அந்தச் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். ரோடு பைக்கில் குனிந்து, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, மூச்சும் மிதியும் ஒரே தாளத்தில் விழும்போது உடம்பு மட்டும்தான் இருக்கும். மனக்குறைகள் எல்லாம் எங்கோ போய்விடும். என்னைக் கெடுத்தது அது இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்ன கம்ப்யூட்டரின் சராசரி வேக எண் என்னைக் கெடுத்தது. மணிக்கு 28 கிலோமீட்டர் 27 ஆனால் ஏதோ களவு போன மாதிரி தவிப்பேன். நின்றால் எண் இறங்கும் என்று நிற்பதையே விட்டேன். நிற்கச் சொல்கிறவர்களை வெறுக்கத் தொடங்கினேன்.

நிற்கச் சொல்கிறவர் ஒருவர் எனக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். வேலை ஓய்வுக்குப் பிறகு சைக்கிள் வாங்கி, என்னோடு சேர்ந்து ஓட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை கேட்பார். கிடைக்காவிட்டால் நூலகத்தில் தேடி அடுத்த வாரம் அவரே கொண்டுவருவார்.

அன்று கார்லைல் வரை ரயிலில் சைக்கிளை ஏற்றிப் போய், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நியூகாசிலுக்குத் திரும்புவதாகத் திட்டம். அவர் 72-ஆம் எண் பாதையில் போகலாம் என்றார். நான் மிலிட்டரி ரோடு என்றேன். “சரி தம்பி, ஆனா ரெண்டு இடத்திலை நிப்பம்” என்றார். ஒத்துக்கொண்டேன். ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வந்தபோது, காற்று நன்றாக இருக்கிறது, அடுத்ததில் நிற்கலாம் என்று சொல்லித் தாண்டினேன். அடுத்தது புரோகோலிடியா. சாலை ஓரத்திலேயே பழைய கோட்டையின் மண்மேடு. அதன் சரிவுக்குக் கீழே மித்ரா என்ற தெய்வத்தின் கோயில். பின்னாலிருந்து “தம்பி, ஒருக்கா நிப்பாட்டும்” என்ற குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி மிதித்தேன்.

பிறகு லைம்ஸ்டோன் கார்னர். அங்கே பாறை இறுக்கம் தாங்காமல் ரோமானியப் படை அகழி வெட்டுவதைப் பாதியில் விட்டுப் போனது. ஆப்பு அடிக்கத் துளைத்த குழிகளோடு பாறைகள் இன்றும் கிடக்கின்றன. எனக்கு அது ஓர் ஏற்றத்தின் உச்சி, அவ்வளவுதான். வால்விக் இறக்கத்தில் போகும்போது போன் அடித்தது. அவர்தான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. சோலர்ஃபோர்டு பாலத்தைத் தாண்டினால் பிரன்டன் பேங்க் என்ற செங்குத்தான ஏற்றம். அதில் என் பழைய நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது அன்றைய ஆசை. குறைத்தேன். மேலே போய்த்தான் போனைப் பார்த்தேன். அவருடைய பின்சக்கரம் பஞ்சர். மாற்று டியூபும் டயர் லீவரும் அவர் பையில். பம்ப் என் சட்டைப் பையில்.

திரும்பிப் போக எதிர்க்காற்று. மழையும் பிடித்துக்கொண்டது. லைம்ஸ்டோன் கார்னருக்குக் கிட்டே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடியில் இரும்புக் கட்டை வைத்த சைக்கிள் ஷூவில் அந்தச் சாலையில் நடப்பது எவ்வளவு சிரமம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. போன் அடித்ததே தெரியவில்லை என்று பொய் சொன்னேன். “பம்பைத் தாரும்” என்றார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்த கண்டிப்பு.

காற்றடிக்கும்போது, கோபம் காட்ட வேண்டிய நேரத்தில், அந்த மித்ரா கோயிலில் தான் நின்று பார்த்ததை எனக்குச் சொன்னார். மூன்று பலிபீடங்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்றும் அங்கே இருந்த படேவியப் படைப்பிரிவின் தளபதிகள் வைத்தவை. ஒன்றில் சூரியனைப் போல முடிசூடிய மித்ரா. அந்த முடியின் கதிர்களைத் துளைத்திருக்கிறார்கள். பின்னால் விளக்கு வைத்தால் இருட்டுக் கோயிலில் கதிர்கள் மட்டும் எரியும். 1949-இல் மழை குறைந்த கோடையில் சதுப்பு வற்றியபோது பலிபீடங்களின் தலை வெளியே தெரிந்ததும், அடுத்த ஆண்டு தோண்டியதும், அங்கே இப்போது நிற்பவை நகல்கள் என்பதும், அசல் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருப்பதும் எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே சொன்னார்.

சில மாதம் கழித்து, வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் சுவரைப் பற்றிப் பேச ஆள் தேடினார்கள். சுவர்ப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணையின் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேடை எனக்கு வேண்டியிருந்தது.

பேசினேன். இருட்டில் எரியும் கதிரைச் சொன்னேன், கோயிலுக்குள் நானே நின்றதாக. வின்டோலாண்டா கோட்டையில் 1973-இல் கிடைக்கத் தொடங்கிய மெல்லிய மரப்பலகைக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். அவற்றில் ஒரு கணக்கில், கம்பாக்ஸ் என்பவன் பேரில் இரண்டு தெனாரிக்கு மிளகு எழுதியிருக்கிறது. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன், சேரநாட்டு முசிறித் துறையும் அதன் அண்டைத் துறைகளும் கப்பலேற்றிய மிளகு, செங்கடல் தாண்டி, எகிப்து தாண்டி, ரோமானிய உலகின் இந்த வடக்கு எல்லை வரை வந்திருக்கிறது. பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்கள். அதுவும் அண்ணை முன்பு எனக்குச் சொன்னதுதான். அந்தப் பலகையைக் கண்ணாலே பார்த்தேன் என்று ஒரு வரியைச் சேர்த்தது மட்டும் என் பங்கு.

ஒரு சிறுமி கேட்டாள்: “மாமா, அந்தச் சுவரிலை ஏறி நிக்கலாமா?” நான் ஏறி நின்றிருக்கிறேன் என்றேன். பொய் மட்டும் இல்லை, கேடான பொய். ஏறினால் கற்கள் தளரும். அதனால் ஏறாதீர்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள்.

கடைசி வரிசையில் அண்ணை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லோரோடும் கை தட்டினார். வெளியே வந்து, “நல்லாச் சொன்னீர்” என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என்னை அவர் காட்டிக்கொடுத்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

பிரன்டன் பேங்க் ஏற்றத்தைத் தாண்டினால் பிளேன்ட்ரீஸ் என்று ஓர் இடம். 1801-இல் வில்லியம் ஹட்டன் என்பவர், 78 வயதில், பர்மிங்ஹாமிலிருந்து நடந்தே இந்தச் சுவரைப் பார்க்க வந்தார். போக வர சுமார் 600 மைல், 35 நாள். பிளேன்ட்ரீஸில் நிலத்துக்காரர் பண்ணைவீடு கட்டச் சுவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இடிக்காதீர்கள் என்று ஹட்டன் மன்றாடினார். அதனால் தப்பிய துண்டு இன்றும் அங்கே நிற்கிறது. அகலமாகப் போட்ட அடித்தளத்தின்மேல் சுவர் ஒடுங்கி எழும்புவதை அதில் பார்க்கலாம். கட்டக் கட்ட ரோமானியர் திட்டத்தை மாற்றிக்கொண்டதற்கு அது சாட்சி. அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்தான் நான் மூச்சிரைக்க நின்று என் நேரத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். அதே நேரத்தில் அண்ணை மழையில் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது அந்த இடங்களுக்கெல்லாம் போய்விட்டேன், நடந்தே. அதனால் பழைய பொய் உண்மையாகிவிடாது. அண்ணைக்கு முழங்கால் ஓய்ந்து, மகளோடு கனடாவில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதை விடும், தம்பி” என்றார். விடச் சொன்னது அவருடைய பெரிய மனசு. எனக்கு அது போதாது, ஏனென்றால் பிள்ளைகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று அந்தப் பள்ளியில் இருந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பலிபீடத்தையும் மிளகையும் பற்றிப் பேசியது நான், தேடி அறிந்தது கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெரியவர். சுவர்மேல் நான் ஏறவில்லை. அவர்களும் ஏற வேண்டாம். அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் புரோகோலிடியாவில் இறங்குங்கள். கோயில் சாலையிலிருந்து சில நிமிட நடைதான், நுழைவுக் கட்டணமும் கிடையாது. கூட வருகிறவர் நிற்கச் சொன்னால் நின்றுவிடுங்கள்.