படம் பிடிப்பவரைத் தேடி

எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயிப்பதற்கு மூன்று கிழமைகள் சென்றன. படம் பிடிப்பவரை நிச்சயிப்பதற்கோ இரண்டு மாதங்கள் சென்றன. இதைக் கேட்டு நகைக்கும் அன்பர்கள், அண்மையிலே தம் வீட்டில் ஒரு கலியாணத்தை நடத்தி முடித்தவர்களாய் இருக்கமாட்டார்கள் என்பது திண்ணம்.

யாழ்ப்பாணத்திலே இன்று படம் பிடிப்போருக்குக் குறைவில்லை. ஒருவர் வானிலே பறக்கும் கமராவுடன் வருவார். அது எழுப்பும் இரைச்சலிலே நாதஸ்வரக்காரர் தம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருக்க வேண்டியதுதான். இன்னொருவர், கலியாணத்துக்கு முன்னரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் கசூரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஓடச் சொல்லியும் சிரிக்கச் சொல்லியும் படம் எடுப்பார். எல்லாரும் தாம் எடுத்தவற்றுள் மிகச் சிறந்த பத்துப் படங்களையே காட்டுகின்றனர். நூறு கலியாணங்களிலே பொறுக்கிய பத்துப் படங்கள் யாரிடத்திலேதான் இரா? ஆகவே நான் வேறொன்று கேட்டேன். "ஒரே கலியாணத்தின் படங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை காட்டுங்கள்" என்றேன். இருவர், "பிறகு அழைக்கிறோம் அம்மா" என்று கூறிச் சென்றனர். அவர்கள் இன்றுவரை அழைக்கவில்லை.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு.

1992 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே என் கலியாணம் நடந்தது. அக்காலத்தில் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மின்கலங்களோ தடை செய்யப்பட்ட பொருள்கள். படச்சுருள் கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் ஊர்ப் படக்காரர் சைக்கிளிலே வந்திறங்கினார்; அவரிடம் இருந்தது ஒரே ஒரு சுருள். 36 படங்கள், அதற்கு மேல் ஒன்றேனும் இல்லை. பெரியப்பா, தம் பகுதியார் அனைவரையும் வரிசையாக நிறுத்தி முதலில் ஒரு படம் எடுக்குமாறு கட்டளையிட்டார். படக்காரர், "தாலிகட்டு முடியட்டும் ஐயா" என்று பணிவோடு மறுத்துவிட்டார். பெரியப்பாவுக்கு வந்த கோபம் நாலாம் சடங்குவரை தணியவில்லை!

அந்தப் படக்காரர் முதல் நாளே வந்து, குருக்களிடம் கிரியைகளின் ஒழுங்கைக் கேட்டு அறிந்திருந்தார். அம்மா எந்தப் பக்கம் நின்று நீர் வார்ப்பார் என்று கேட்டதை நான் அறையினுள் இருந்து கேட்டேன். மறுநாள் கன்னிகாதானத்தின்போது அவர் முழந்தாளிட்டு இருந்து ஒரு படம் எடுத்தார், ஒன்றே ஒன்று. அப்பா என் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. கைகளின் மேல் விழும் நீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையிலே, வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். பிள்ளையைத் தூக்கினேன், அல்பத்தை எடுக்கவில்லை. மறு ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. எனினும், "அண்ணனுக்கு அனுப்ப உதவும்" என்று படக்காரர் ஆறு படங்களை மட்டும் இரண்டு பிரதிகள் செய்து தந்திருந்தார். கொழும்புக்குச் சென்ற ஒருவர் கையிலே கொடுத்தனுப்பிய அந்த ஆறும் இலண்டனிலே பத்திரமாக இருந்தன. அப்பா 2003 இல் காலமானார். அடையாள அட்டையிலுள்ள படத்தைத் தவிர, அவருடைய முகத்துக்கு எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான்.

சென்ற ஆண்டு எங்கள் உறவிலே ஒரு கலியாணம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. மணவறைக்கு முன்னே நால்வர் நின்றமையால், சபையோருக்கு அவர்களுடைய முதுகுகளே தரிசனமாயின. கூறை மாற்றப் பெண் உள்ளே சென்றதும், நால்வரும் அலங்காரத்தைப் படமெடுக்க அறை வாசலுக்கு ஓடினர். பேர்த்தி திரும்பி வரும் வழியைப் பார்த்தபடி கண்கலங்கி நின்ற அம்மம்மாவை எடுக்க ஒருவரும் இல்லை. போதாக்குறைக்கு, மண்டபத்திலே மின்னிய ஊதா விளக்குகளின் உபயத்தால், அரக்குச் சிவப்புக் கூறை படத்திலே கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அல்பம் வந்து சேர எட்டு மாதங்கள் சென்றன. அதற்குள் அந்த அம்மம்மா போய்விட்டார்.

ஆதலால், வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "தம்பி, தாலி கட்டும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?" ஒருவர், எல்லாப் பக்கமும் ஆள் வைப்பதாகக் கூறினார். ஒருவர், தவறினால் மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டுவதுபோல் பிடிக்கச் சொல்லலாம் என்றார். நான் எழுந்து தேநீர் வைக்கப் போய்விட்டேன்.

ஏழாவதாக வந்த பிள்ளைக்கு வயது முப்பது இருக்கும். "குருக்கள் யார் அம்மா? அவரைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும்" என்றார். ஒரே கலியாணத்தின் படங்களை முழுவதும் காட்டினார். அவற்றுள் சில மங்கலாகவும் இருந்தன, அவர் மறைக்கவில்லை. தாலி கட்டும் வேளையிலே வர்ண விளக்குகளை அணைக்குமாறு மண்டபத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும் என்று தாமாகவே கூறினார். ஒவ்வொரு படமும் கமராவினுள்ளேயே இரண்டு அட்டைகளிலே பதியும் என்றும், கலியாணத்தன்று இரவே மூன்றாவது பிரதி செய்து எங்கள் கையிலே தருவதாகவும் சொன்னார். அந்தப் பிரதி அண்ணன் வீட்டுக்குப் போகும் என்று நான் அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

பின்னர் அந்த ஆறு படங்களையும் எடுத்துவந்து காட்டினேன். அப்பாவின் படத்தை அவர் வெளிச்சத்திலே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "முழந்தாளிலே இருந்து எடுத்திருக்கிறார், அம்மா. நின்று எடுத்திருந்தால் ஐயாவின் கண் தெரிந்திராது" என்றார்.

என் கணவர் முற்பணத்தை எண்ணிக் கொடுத்தார். பறக்கும் கமரா இல்லையென்று மகளுக்குச் சிறிது மனத்தாங்கல்தான். தந்தையார் எந்தப் பக்கம் நிற்பார் என்று அந்தப் பிள்ளை கேட்டுக் குறித்துக்கொண்டபோது, கணவர் தம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யத் தொடங்கினார். கலியாணத்துக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன.